ஊட்டிக்குப் போகும் பையில் எந்தப் பின்னல்?

குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பும்போது எந்தப் பின்னலை எடுத்துக்கொள்வது என்று யோசிப்பவர்கள் முதலில் நூல் டப்பாவைத் திறப்பார்கள். நான் முதலில் எடுத்துப் பார்ப்பது டிக்கெட்டை. எந்த வண்டி, எந்த நேரம், எந்த பெர்த், பக்கத்தில் யார். வீட்டில் பின்ன ஆசை இருந்தால் போதும். வழியில் பின்ன வெளிச்சம் வேண்டும், முழங்கை அசைய இடம் வேண்டும், "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடி" என்று யாராவது நீட்டினால் அப்படியே போட்டுவிட்டு எழுந்தாலும் கெட்டுப்போகாத வேலை வேண்டும்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். மே மாதம் பள்ளிக்கூடம் அடைத்தால் நான், வீட்டுக்காரர், மாமி, பிள்ளைகள், மைனி (அண்ணி) குடும்பம் என்று எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். பெரும்பாலும் ஊட்டி. "இந்த வெக்கையில கம்பளி நூலா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். குமரி மாவட்டத்தில் கம்பளித் தொப்பி போட ஒரு நாள்கூட வாய்க்காது என்பது உண்மைதான். ஆனால் பெங்களூரில் ஒருத்தர், பட்டாளத்தில் ஒருத்தர் என்று குளிர் ஊரில் யாராவது ஓர் உறவுக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. போடுவதற்கு ஆள் கிடைத்துவிடும்.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் கோயம்புத்தூர். ராத்திரி முழுக்க ரயில் என்றதும் ஒரு சால்வையையே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஏறி, பெட்டிக்குச் சங்கிலி போட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி பத்து. ரயில்வே கணக்கில் இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம். நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழ் பெர்த்தில் நிமிர்ந்து உட்காரவே முடியாது, அப்புறம் எங்கே பின்னுவது? விடிந்தபின் கிடைக்கும் நேரம்தான் நிஜம். திருப்பூர் பக்கம் எங்கேயோ மற்றவர்கள் எல்லாம் போர்வைக்குள் கிடக்க, ஜன்னலோரம் வெளிச்சம் வந்துவிட்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்ற வேலையைத்தான் ரயிலுக்கு எடுக்க வேண்டும். சைடு லோயர் கிடைத்தவர்களுக்கு யோகம், இரண்டு பக்கமும் யார் விலாவிலும் ஊசி குத்தாது.

பகல் ரயில் என்றால் வேறு கணக்கு. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் வரும் இடத்தில், அதுவும் ஜூன் பிறந்துவிட்டால், திறந்த ஜன்னலோரம் நூல் பந்தை மடியில் வைக்காதீர்கள். காற்று பந்தைத் தட்டிவிடும், அது மூன்று சீட்டுக்கு அடியில் உருண்டு போய் எல்லாருடைய செருப்புத் தூசியையும் சேர்த்துக்கொண்டு வரும். மூடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தால் போதும். பந்து உள்ளே, நூல் மட்டும் ஓட்டை வழியாக வெளியே. ஓட்டையின் விளிம்பை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டி மழுப்பிவிட்டால் நூல் பிசிறாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து சின்ன ரயிலில் இடம் கிடைத்தால் அதுதான் பின்னுபவர்களுக்குப் பெரிய வரம். 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆனால் இரண்டு விஷயத்தை யோசித்துக்கொள்ள வேண்டும். வழியில் 16 குகைகள். உள்ளே போனதும் பிள்ளைகள் போடும் கூச்சலில் கண்ணியை, அதாவது ஊசியில் கிடக்கும் நூல் வளையங்களை, எண்ண முடியாது, கண்ணும் தெரியாது. விரல் தடவிப் பார்த்தே அடுத்தது என்ன என்று தெரிகிற பின்னலாக இருந்தால் குகைக்குள்ளும் கை நிற்காது. இரண்டாவது, குன்னூர் வரைக்கும் நீராவி எஞ்சின். புகை ஜன்னல் வழியாக வரும், வெள்ளை நூல் அன்று வேண்டாம்.

வேனில் மலை ஏறுகிறீர்களா? பையைத் திறக்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் கையில் ஊசியும் பின்சீட்டில் வாந்தி எடுக்கிற பிள்ளையுமாக இருப்பதற்கு, சும்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

இப்படி ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, கை சும்மா இருக்கும் நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். வரும் தொகையைப் பாதியாக்குங்கள், அதையும் பாதியாக்குங்கள். மீதி இருப்பதுதான் குடும்பம் உங்களுக்கு விடும் நேரம். அதற்கு எவ்வளவு நூல் என்பது எளிய கணக்கு. வீட்டில் ஒரு வரிசை பின்னி நேரம் பாருங்கள். 30 கண்ணி உள்ள வரிசைக்கு இரண்டு நிமிடம் ஆனால் மணிக்கு 30 வரிசை. 4 மில்லிமீட்டர் ஊசியில், நடுத்தர கனமுள்ள நூலில், எல்லா வரிசையும் நிட்டாகவே (நூலைப் பின்னால் வைத்துப் போடும் சாதாரணக் கண்ணி) போனால் அது மூன்று அங்குல நீளம். நான்கு மணி நேரம் கிடைத்தால் ஓரடி மஃப்ளர். அதற்கு எதற்குப் பை நிறைய நூல்?

இனி எந்தப் பின்னல் என்பதைப் பார்ப்போம். என் கணக்கில் நல்ல வழிப்பின்னல் என்றால், எடுத்துக் கையில் பிடித்ததுமே எங்கே விட்டோம் என்பதை அதுவே காட்டிக்கொடுக்க வேண்டும். தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பின்னல் வழிக்கு ஆகாது. தாள் பறக்கும், போனில் வைத்திருந்தால் அந்த போன் பிள்ளைகள் கையில் இருக்கும்.

இதற்கு நான் எல்லாருக்கும் சொல்வது மூலையிலிருந்து மூலைக்குப் போகும் சதுரத் துணி. பாத்திரம் துடைக்கலாம், சூடான சட்டிக்கு அடியில் வைக்கலாம், மாமி அதில் கண்ணாடி துடைப்பார். கொஞ்சம் கனமான பருத்தி நூல் 50 கிராம், நாலரை மில்லிமீட்டர் ஊசி. 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் போடுங்கள். அடுத்த வரிசையிலிருந்து 2 கண்ணி நிட், நூலை முன்னால் கொண்டுவந்து ஊசி மேல் ஒரு சுற்று, மீதி முழுக்க நிட். ஒவ்வொரு வரிசையும் இதேதான். வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும். 44 கண்ணி ஆனதும் இறங்க வேண்டும். 1 கண்ணி நிட், இரண்டைச் சேர்த்து நிட், ஊசி மேல் ஒரு சுற்று, மறுபடியும் இரண்டைச் சேர்த்து நிட், மீதி முழுக்க நிட். வரிசைக்கு ஒன்று குறையும். 4 கண்ணிக்கு வந்ததும் முடித்துவிடலாம். எட்டு அங்குலச் சதுரம், விளிம்பில் வரிசையாக ஓட்டைகள், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். முன்பக்கம் பின்பக்கம் என்ற வித்தியாசம் கிடையாது, வரிசை எண்ணவும் வேண்டாம். முக்கோணம் விரிந்துகொண்டு போகிறதா, சுருங்குகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். திருநெல்வேலியில் விட்டதை மேட்டுப்பாளையத்தில் எடுத்தாலும் குழப்பமில்லை.

இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் ரிப் தொப்பி, நெடுக வரிவரியாக மேடும் பள்ளமுமாக வருவது. 40 சென்டிமீட்டர் வட்ட ஊசி (இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்தது), 4 மில்லிமீட்டர். 96 கண்ணி ஏற்றி வட்டமாகச் சேர்த்து, இரண்டு நிட் இரண்டு பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும், நிட்டுக்கு மறுபக்கமான கண்ணி) என்று எட்டு அங்குலம் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஊசியில் இருக்கும் கண்ணியைப் பார்த்தாலே அடுத்தது நிட்டா பர்ல்லா என்று தெரியும். 100 கிராம் கம்பளி நூல் போதும். உச்சி சுருக்கும் இடம் வந்துவிட்டால் பையில் போட்டு மூடுங்கள். அதற்கு இருபுறமும் கூரான நாலைந்து சின்ன ஊசிகள் வேண்டும். அதில் ஒன்று பெர்த்துக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தால் கோயம்புத்தூர் வரை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் காரணத்துக்காகவே காலுறையையும் நான் பயணத்தில் சேர்ப்பதில்லை. சின்னது, கனமில்லாதது என்று நிறைய பேர் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மெல்லிய ஊசிகளும் குதிகால் திருப்பும் கணக்கும் சேர்ந்து, பேச்சுக்கு நடுவில் செய்கிற வேலை இல்லை அது. காலின் நேர்க்குழாய்ப் பகுதி மட்டும் என்றால், வட்ட ஊசியில் போடத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

நேராகப் பின்னுவதற்கும் வட்ட ஊசியையே எடுங்கள். நீள ஊசியின் பின்கொண்டை பக்கத்தில் இருப்பவரை இடித்துக்கொண்டே இருக்கும். வட்ட ஊசியில் பாரமெல்லாம் நடுவில் இருக்கும் கம்பிமேல் மடியில் கிடக்கும், மணிக்கட்டும் வலிக்காது. எழுந்து போகும்போது கண்ணிகளைக் கம்பிக்குத் தள்ளிவிட்டு இரண்டு முனைக்கும் ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் போதும்.

ஊசி எதில் செய்தது என்பதும் நம் கடற்கரை ஈரத்தில் முக்கியம். கை வேர்க்கும். பருத்தி நூலுக்கு மூங்கில் ஊசி பிடித்தால் கண்ணி நகராமல் இழுத்துக்கொண்டு நிற்கும், அலுமினியமோ ஸ்டீலோ நல்லது. கம்பளிக்கு மூங்கில் சுகம், வண்டி குலுங்கினாலும் கண்ணி வழுக்கி விழாது. அக்ரிலிக் நூலைக் கீழே இருக்கும்வரை தொடாதீர்கள், வேர்த்த விரலில் ஒட்டி எரிச்சலாக வரும். ஊட்டி ஏறியபின் எதுவும் ஓடும். ஆக, போகிற வழிக்குப் பருத்திச் சதுரம், மலைமேல் ரூமில் கம்பளித் தொப்பி. இந்த இரண்டுக்குமேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

வேண்டாத பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். பாதி முடிந்த ஸ்வெட்டர், கனம், மடியில் போட்டால் வெக்கை. இரண்டு மூன்று நிறம் மாற்றும் பின்னல், வேன் குலுக்கலில் நூல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். கறுப்பு, கருநீலம், ரயில் விளக்கில் கண்ணியே தெரியாது. யாருக்காவது ஞானஸ்நானத்துக்கு இந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்ற வேலை எதுவும் வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போனால் ஊட்டியில் ஏரியைப் பார்க்காமல் ரூமில் உட்கார்ந்திருப்பீர்கள், "ஊர் சுற்ற வந்தும் பின்னலா?" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமாகப் போய்விடும்.

எங்கள் ஊர்ப்பக்கம் பழைய ஆட்களிடம் பின்னல் என்று சொன்னால் ரேந்தைதான், அதாவது லேஸ்தான், நினைவுக்கு வரும். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கி வைத்த வேலை அது. பின்னாளில் முளகுமூட்டு கன்னியர் மடத்திலும் பெயர் பெற்றது. கெட்டித் தலையணைமேல் ஊசி ஊசியாகக் குத்தி, ஜோடி ஜோடியாக மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வார்கள். அழகுக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தலையணையைத் தூக்கினால் கட்டைகள் எல்லாம் கலையும். அது வீட்டுத் திண்ணைக்கான வேலை. வழிக்கு வேண்டியது ஒரே கையால் வாரி எடுத்துப் பையில் போடக்கூடியது.

அந்த விஷயத்தில் இரண்டு ஊசிப் பின்னலைவிட, ஒரே ஒரு கொக்கி ஊசியால் போடும் குரோஷா ஒரு படி மேல். எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதைக் கொஞ்சம் நீட்டி இழுத்து ஒரு ஊக்கு மாட்டிவிட்டால் நாய் இழுத்தாலும் பிரியாது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது மாவட்டத்துக்குள்ளேயே சுற்றும் நாட்களுக்கு நான் குரோஷா மட்டும்தான் எடுப்பேன். நடுவிலிருந்து நான்கு சுற்று போடும் சின்னச் சதுரங்கள், மிச்சம் மீதி நூலில். ஒன்று முடிந்தால் பையில், அடுத்தது தொடக்கம். இணைப்பதெல்லாம் வீட்டில்.

அதற்கும் இடம் பார்க்க வேண்டும். திற்பரப்பு அருவிக்குப் போனால் குளிக்காத ஒருத்தர் துணிமணி, போன், பர்ஸ் எல்லாவற்றுக்கும் காவல் இருக்க வேண்டும். அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன், கேட்காமலே ஒத்துக்கொள்வேன். இதைவிட நல்ல பின்னல் நேரம் குமரி மாவட்டத்தில் கிடையாது. ஆனால் சொட்டச் சொட்ட வரும் பிள்ளைகள் துண்டை உங்கள் மடியில்தான் போடுவார்கள், ஆகையால் பருத்தி நூல். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு வரிசை நிற்கும்போது, மணிக்கட்டில் தொங்கும் சின்னச் சுருக்குப் பையில் நூல் இருந்தால் நின்றுகொண்டே சதுரம் போடலாம். படகில் ஏறியதும் உள்ளே வைத்துவிடுங்கள். முட்டம், சொத்தவிளை, தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரை எதுவானாலும் பை மூடியே இருக்கட்டும், நூலில் ஏறிய மணல் உதறிப் போகாது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பின்னலே தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துகொண்டே இருக்கிற இடம் அது. தலையை நிமிர்த்தி மரவேலையைப் பாருங்கள். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், அடைத்திருக்கும். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் 115 அடி உயரத்தில் நின்றுகொண்டு பின்னுகிறேன் என்று யாரும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கூட வருகிறவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாமி கதை சொல்லத் தொடங்கினால் நான் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், "ம்" கொட்ட வேண்டும். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால், "நீ கேக்கல்ல போல" என்று பாதியில் நிறுத்திவிடுவார், அப்புறம் நாள் முழுக்க அது ஓடும். ஆகவே பார்க்காமல் பின்ன வருமா என்று கிளம்பும் முன் வீட்டில் சோதித்துக்கொள்ளுங்கள். டிவியில் செய்தி ஓடும்போது பத்து வரிசை பின்னுங்கள். செய்தியும் புரிந்து, கண்ணியும் குறையாமல் இருந்தால் அந்தப் பின்னல் பயணத்துக்குத் தகுதி.

பிள்ளைகளுக்கு ஒரு பிளாஸ்டிக் குரோஷா ஊசியும் கனமான மிச்ச நூலும் தனியாக எடுங்கள். சங்கிலிப் பின்னல் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். யார் சங்கிலி நீளம் என்ற போட்டியில் ஒரு பெட்டிக்கூட்டமே அமைதியாகும். உங்கள் நூலில் கை வைக்காமல் இருப்பார்கள் என்பது கூடுதல் லாபம். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலமும் முந்திரிக்கொத்தும் திறந்திருக்கும்போது யார் கையிலும் நூல் வேண்டாம். தேங்காய் எண்ணெய்க் கறை பருத்தியிலிருந்து சாமானியமாகப் போகாது.

பையில் இவற்றோடு முனை மழுங்கிய சின்னக் கத்தரி, பெரிய கண் உள்ள தையல் ஊசி, நாலைந்து ஊக்கு, விழுந்த கண்ணியைத் தூக்க ஒரு குரோஷா ஊசி இருந்தால் ஆயிற்று. திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறவர்கள், ஊசி கத்தரி எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியிலேயே வைத்துவிடுவது நிம்மதி. சோதனை வரிசையில் நின்று அதிகாரியிடம் பின்னல் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கண்ணி ஏற்றுவதையும் முதல் பத்து வரிசையையும் கிளம்புவதற்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். எந்தப் பின்னலிலும் எண்ண வேண்டிய இடம் அதுதான், பிளாட்பாரத்தில் 96 வரை எண்ண யாரும் விடமாட்டார்கள்.

நூலையும் இங்கேயே, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ, வாங்கிக்கொள்ளுங்கள். குளிர் ஊர்தானே, அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகளில் தொங்குவது எல்லாம் தயார் ஸ்வெட்டர். வீட்டுக்காரர் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு என் பையை ஒரு பார்வை பார்ப்பார், அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். வாங்கும்போது பந்துகளின் சீட்டில் இருக்கும் சாய எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தது வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியும். தொப்பிக்கு 100 கிராம் போதும் என்றாலும் 50 கிராம் கூடுதலாக வாங்குங்கள். நீங்கள் பின்னுவதைப் பார்த்துவிட்டு மைனி தனக்கும் ஒன்று கேட்பார்.